நாக்கடியில் நாலு சொட்டு

“இது நான் வாங்கினப்பவே தண்ணியா, இல்ல அப்புறமா யாராச்சும் மாத்தினாங்களா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கம்மா. வேற எதுவும் எனக்கு வேண்டாம்.”

பெரியவர் தோளில் தொங்கிய பழைய கண்டக்டர் பைக்குள் கையை விட்டு, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மேடத்தின் மேஜையில் வைத்தார். பழுப்புக் கண்ணாடி. மூடியோடு சேர்ந்து ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக் குழாய். லேபிளில் ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி ஓடிக்கொண்டிருந்தான். ‘ஊசி இனி எதற்கு? கிழிந்த தசையும் நாரும் தானே கூடும்! பெப்டைடு சொட்டு மருந்து. தினமும் காலையில் நாக்கடியில் நாலு சொட்டு’ என்று அவன் காலடியில் அச்சடித்திருந்தார்கள்.

“ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம், தானே தைச்சுக்குமா? ஊர்ல இருக்கற டெய்லருங்க எல்லாம் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்” என்றேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. மேடம் என் பக்கம் திரும்பாமலே, “ஓட்டைவாய், கொஞ்சம் மூடு” என்றார்.

இந்த ஆபீசில் என் பெயர் அதுதான். மேடம் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்கிறவர்களைப் பிடிக்கிற அதிகாரியாக இருந்தவர். அதை உதறிவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். நான் கார் ஓட்ட வந்தவன். வாய் ஓயாமல் பேசுகிறேன் என்பதாலேயே என்னை உதவியாளனாக்கிக்கொண்டார். நான் எதிராளியிடம் வளவளத்துக்கொண்டிருக்கும்போது அவர் அந்த ஆளின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். முகம் பொய் சொல்லும், கைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவர் கட்சி.

பெரியவரின் கைகள் மேஜைமேல் ஒன்றையொன்று கசக்கிக்கொண்டிருந்தன.

“பையன் ஃபயர் சர்வீஸ்ல இருந்தான்” என்றார். “தோள்ல தசைநார் கிழிஞ்சுபோச்சு. டாக்டர் ஆபரேஷன் பண்ணணும்னாரு. அவனுக்கு ஊசின்னா உயிரே போயிடும். எரியற வீட்டுக்குள்ள சிரிச்சுக்கிட்டே போவான், ஆஸ்பத்திரில ஸ்பிரிட் வாசனை வந்தாலே மயங்கி விழுவான். ஸ்டேஷன்ல அவனுக்கு ஊசிவெடின்னுதான் பேரு.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “நான்தான் ஜிம்ல விசாரிச்சு இந்த மருந்தை வாங்கிக் குடுத்தேன். ஊசியே இல்லடா, நாக்கடியில விட்டாப் போதும்னேன். விட்டுக்கிட்டான். வலி போயிடுச்சுப்பான்னான். டெஸ்ட்ல பாஸாகி டியூட்டிக்கும் போயிட்டான்.”

“அப்புறம்?” என்றார் மேடம்.

“ஒரு மாடி வீட்ல தீ. ஒரு அம்மாவைத் தோள்ல போட்டுக்கிட்டு ஏணில இறங்கியிருக்கான். தோள் விட்டுடுச்சு. அந்தம்மாவைக் கீழ நின்னவன் கையில குடுத்துட்டு இவன் விழுந்துட்டான்.”

நான் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தொடவில்லை.

“போன வாரம் அவன் சாமானை எடுத்து வெக்கும்போது இது கிடைச்சுது. மிச்சம் இருந்ததுல ஒரு சொட்டு என் நாக்குல விட்டுப் பார்த்தேன். வெறும் தண்ணிம்மா. லேசா ஒரு இனிப்பு, அவ்வளவுதான். கடையிலயே தண்ணின்னா, ஆபரேஷன் பண்ண வேண்டிய புள்ளைக்குத் தண்ணியைக் குடுத்து ஏணில ஏத்தி விட்டது நான். நடுவுல யாரோ மாத்தினாங்கன்னா, அவங்களை நான் சும்மா விடமாட்டேன். எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது.”

வீட்டில் யார் யார் என்று மேடம் கேட்டார். பெரியவர், மருமகள், இன்னும் நடை பழகாத ஒரு பேத்தி. அவ்வளவுதான்.

மேடம் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைக் கழற்றி, குப்பியின் கழுத்தை நகத்தால் சுரண்டினார். ரோஸ் நிறத்தில் ஏதோ பிசுக்கு நகத்தில் ஒட்டியது. “ம்” என்றார். அந்த ‘ம்’முக்கு எனக்கு அர்த்தம் தெரியும். காரை எடு.

* * *

“பெப்டைடுன்னா என்ன மேடம்? பல்லு விளக்கற பேஸ்ட் பேரு மாதிரி இருக்கு.”

“புரோட்டீனோட சின்னச் சின்னத் துண்டு. உடம்புக்குள்ள போய், இங்க கிழிஞ்சிருக்கு, இங்க சரிபண்ணுன்னு சேதி சொல்லும்னு விக்கறாங்க. இந்த மாதிரி விக்கறதுல பலதுக்கு, ஊசியாப் போட்டாலே மனுஷனுக்கு எவ்வளவு பலன்னு இன்னும் சரியா யாருக்கும் தெரியாது. நாக்கடியில விட்டா எவ்வளவு உள்ள போகும்னு சுத்தமாத் தெரியாது.”

“தெரியாததைத்தான் தெரியாதவங்க கிட்ட நல்லா விக்க முடியும்” என்றேன்.

ஜிம் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. படி ஏறும்போதே நான் நொண்ட ஆரம்பித்துவிட்டேன்.

“என் தம்பி” என்று மேடம் என்னை அறிமுகம் செய்தார். “வாய் ஓடற அளவுக்குக் கால் ஓட மாட்டேங்குது. முழங்கால்ல அடி.”

ஜிம் மாஸ்டர் பீரோ அகலத்துக்கு இருந்தார். பனியன் அவரைவிட இரண்டு சைஸ் சின்னதாகத் தெரிந்தது. “அண்ணே, ஊசி குத்திக்கறதெல்லாம் அந்தக் காலம்! நாலு சொட்டு விடுங்க, வாயை மூடிக்கிட்டு சும்மா இருங்க, போதும்.”

“வாயை மூடணுமா? அப்ப இந்த மருந்து இவனுக்கு ஒத்துக்காது” என்றார் மேடம்.

மாஸ்டர் சீல் வைத்த புதுக் குப்பியைப் பிரித்து என் நாக்கடியில் விட்டார். புதினா சுள்ளென்று ஏறி, மூக்கு வழியாக வந்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பாகு மாதிரி நாக்கை விட்டு நகரமாட்டேன் என்றது. நான் ‘ஸ்ஸ்’ என்று நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன்.

மேடம் அந்தக் குப்பியிலிருந்து ஒரு சொட்டை, ஒரு பக்கம் சாய்ந்திருந்த மேஜைக் கண்ணாடியில் விட்டார். பக்கத்திலேயே பெரியவரின் குப்பியிலிருந்து ஒரு சொட்டு. பெரியவரின் சொட்டு சரசரவென்று ஓடி மேஜை விளிம்புக்குப் போய்விட்டது. மாஸ்டரின் சொட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

“இது எங்க சரக்கே இல்ல மேடம்!” மாஸ்டர் துள்ளினார். “குப்பி எங்களுது, லேபிள் எங்களுது. உள்ள இருக்கறது எவனோ ஊத்தினது. எங்க சரக்குன்னா புதினா தூக்கும். சத்தியமாச் சொல்றேன்.”

“நம்பறேன்” என்று மேடம் கையை நீட்டினார். மாஸ்டர் பூரித்துப்போய்க் கைகுலுக்கினார். மேடம் தன் உள்ளங்கையை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

“காலையில இருந்து எடை தூக்கறீங்க. உங்க கையில வேர்வை நாத்தம்தானே அடிக்கணும்? நாலு சொட்டு விட்டதுக்கா இவ்வளவு புதினா வாசனை அடிக்குது?”

மாஸ்டரின் கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போனது. கூடவே அவர் கண் ஒரு நொடி மூலையிலிருந்த துண்டுத் திரையைத் தொட்டுவிட்டு வந்தது. எனக்கு அந்த ஒரு நொடி போதும். நொண்டிக்காலை மறந்து ஓடிப்போய்த் திரையை விலக்கினேன். கிளிசரின் கேன், புதினா எசென்ஸ், ஒரு புனல், லேபிள் சுருள், காலிக் குப்பிகள் நிறைந்த கூடை. பெப்டைடு என்று பெயருக்குக்கூட அங்கே ஒரு பொட்டலம் இல்லை.

“கெடுதல் ஒண்ணும் இல்ல மேடம்! வெறும் கிளிசரின்தான்! குழந்தை குடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது!”

“கெடுதல் இல்லையா?” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஆபரேஷனுக்குப் போக வேண்டியவன் உன் கிளிசரினை நம்பி வீட்ல உக்காந்திருப்பானே, அது கெடுதல் இல்லையா? மனுஷனாய்யா நீ?”

மேடம் போலீஸுக்குப் போன் போட்டார். அவர்கள் வந்து கூடையோடு மாஸ்டரை அள்ளிக்கொண்டு போகும்வரை அங்கேயே இருந்துவிட்டு இறங்கினோம்.

“கேஸ் முடிஞ்சுது” என்று கார்ச் சாவியைச் சுழற்றினேன்.

“எங்க முடிஞ்சுது? மாஸ்டர் வித்தது போலி. பெரியவர் குப்பியில இருக்கறது அந்தப் போலிகூட இல்ல. போலிக்கே யாரோ ஒரு போலி பண்ணியிருக்காங்க” என்றார் மேடம். “இன்னொண்ணு. குப்பியில கிளிசரின் இருந்தாலும் சரி, தண்ணி இருந்தாலும் சரி, அந்தத் தோள் ஆறியிருக்க வழியே இல்ல. அப்புறம் எப்படி அவன் டெஸ்ட்ல பாஸானான்? வண்டியை ஃபயர் ஸ்டேஷனுக்கு விடு.”

* * *

ஸ்டேஷன் முற்றத்தில் சிவப்பு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். செத்துப்போனவனின் கூட்டாளி யார் என்று கேட்டதும் ஒருவரைக் காட்டினார்கள். நெட்டை ஆள். எல்லாரும் அவரை ஏணி என்றார்கள். அன்றைக்கு ஏணியில் கீழே நின்று அந்த அம்மாவைக் கையில் வாங்கியவர் இவர்தான். மேடம் பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டினார்.

“டெஸ்ட்டுன்னா என்னென்ன செய்யணும்?” என்றார் மேடம்.

ஏணி முற்றத்தின் ஓரத்தைக் காட்டினார். கான்வாஸ் துணியில் தைத்த ஆள் உயரப் பொம்மை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே மணல் மூட்டைகள். நல்ல வளர்ந்த ஆளின் எடை இருக்குமாம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு பயிற்சிக் கோபுரத்தின் படியில் ஏறி இறங்கவேண்டும். அதிகாரி கீழே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எனக்குக் கை சும்மா இருக்காது. நான் எப்படிப்பட்ட ஆள் என்றால், சிலிண்டரை அடுப்படிக்குத் தள்ளவே பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிறவன். சும்மா ஒரு வேடிக்கைக்குப் பொம்மையின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். தூக்கிவிட்டேன். தோளில் போட்டுக்கொண்டு ஒரு சுற்றும் சுற்றினேன்.

“மேடம்! நான் இவ்வளவு பெரிய பயில்வான்னு எங்கம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

யாரும் சிரிக்கவில்லை. வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். மேடம் என்னைப் பார்க்கவேயில்லை. ஏணியின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் பொம்மையைப் பிடுங்கப் போவது போல நீண்டு, பாதியில் நின்றன.

“மணலை எடுத்துட்டு என்ன அடைச்சீங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

ஏணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “பழைய யூனிஃபார்ம்” என்றார். “எங்க ஸ்டேஷன்ல ஒருத்தன் சுமையை இன்னொருத்தன் வாங்கிக்கறதுதான் பழக்கம் மேடம். ஹோஸ் கனமா இருந்தா வாங்கிக்குவோம், டியூட்டி கஷ்டமா இருந்தா வாங்கிக்குவோம். ஒரு தடவை கைகுடுடான்னு கேட்டான். கண்ட்ரோல் ரூம்ல போனை எடுத்து வெச்சுக்கிட்டு உக்கார என்னால ஆகாதுடா, செத்துடுவேன்டான்னான். நானும் சரின்னுட்டேன்.”

“எப்பக் கேட்டார்? மருந்து வாங்கினதுக்கு அப்புறமா?”

“முன்னாடியே மேடம். டாக்டர் ஆபரேஷன்னு சொன்ன அன்னிக்கே வந்து கேட்டுட்டான். அதெல்லாம் நான் போகப்போறதில்லடா, நீ பொம்மையை மட்டும் பார்த்துக்கோன்னான். அப்பா ஏதோ சொட்டு மருந்துன்னு அலையறாரு, அவர் மனசு நோகாம அதையும் விட்டுக்கறேன்னு சிரிச்சான்.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பொம்மையில கனத்தை எடுத்துட்டேன். அந்தம்மா மேல இருந்து எடுக்க முடியுமா? என் கையில அவங்களைக் குடுத்தப்ப அவன் முகத்தைப் பார்த்தேன். வலிக்குதுடான்னு அப்பத்தான் மொதத் தடவையாச் சொன்னான்.”

எனக்குத் தோளில் இருந்த பொம்மையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மெல்ல, உயிருள்ள ஆளை இறக்குவது போல இறக்கிவைத்தேன்.

“மணலைத் திரும்பப் போடலாம்னுதான் இருந்தேன். அதுக்கப்புறம் அதைத் தொடவே முடியல” என்றார் ஏணி.

“தொடணும்” என்றார் மேடம். “இன்னிக்கே மணலை அடைங்க. அடைச்சுட்டு உங்க அதிகாரிகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க. அடுத்தவன் இதைத் தூக்கிப் பாஸாயிட்டு ஏணில ஏறக் கூடாது.”

ஏணி தலையை ஆட்டினார். நாங்கள் வெளியே வரும்போது அவர் பொம்மையின் முதுகுத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

* * *

பெரியவர் வீட்டில் இல்லை. பேத்திக்குக் காய்ச்சல், மருந்து தீர்ந்துவிட்டது என்று கடைக்குப் போயிருந்தார். மருமகள் கதவைத் திறந்து எங்களை உட்காரச் சொன்னாள். சின்ன ஹால். சுவரில் யூனிஃபார்மோடு அவன் படம். காது வரை சிரிப்பு. அதற்குக் கீழே ஆணியில் அவன் ஹெல்மெட் தொங்கியது.

குழந்தை அழுதது. “ஒரு நிமிஷம் மேடம், கடைசி வேளைக்குக் கொஞ்சம் இருக்கு” என்று சொல்லி, அவள் காய்ச்சல் மருந்துப் பாட்டிலைச் சாய்த்து, ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சில் உறிஞ்சி, குழந்தையின் கன்னத்து ஓரமாக மெல்ல விட்டாள். குழந்தை சப்புக்கொட்டியது. மருந்து ரோஸ் நிறம், குப்பியின் கழுத்தில் ஒட்டியிருந்த அதே ரோஸ்.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் சிரிஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறுகின கழுத்து உள்ள ஒரு குப்பியில் சிந்தாமல் தண்ணீர் நிரப்ப வேண்டுமானால், ஒரு வீட்டில் அதைவிட வசதியான சாமான் கிடையாது. இந்த ஒரு தடவை மேடத்தின் கணக்கு தப்பாகப் போகக் கூடாதா என்று இருந்தது.

“ஏம்மா மாத்தினீங்க?” என்றார் மேடம். குரலில் கண்டிப்பே இல்லை.

அவள் மறுக்கவில்லை. குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள்.

“வலிச்சா டெஸ்ட்ல பாஸாக மாட்டாரு. பாஸாகலைன்னா ஆபீஸ் வேலை குடுத்துடுவாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வருவாரு. அவ்வளவுதான் மேடம் ஆசைப்பட்டேன். ஒவ்வொரு தடவை சைரன் கேக்கும்போதும் செத்துச் செத்துப் பொழைக்கறது எனக்கு அலுத்துப்போச்சு. மருந்தை ஊத்திட்டுத் தண்ணியை ரொப்பி வெச்சேன்.” அவள் தட்டுவது நின்றது. “அவருக்கு வலி போயிடுச்சுன்னதும் எனக்கு ஒண்ணுமே புரியல. முன்னாடி விட்ட மருந்தே போதும்போல, ஆறிடுச்சுபோலன்னு நெனச்சுக்கிட்டேன். ஆறல. மருந்தை நிறுத்தி நான்தான் அவரை விழவெச்சுட்டேன். மாமாகிட்டச் சொல்ல எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். வரல.”

“அவருக்கு வித்தியாசம் தெரியலையா?”

“தெரியல மேடம். மாத்தின அன்னிக்கு நான் கதவோரமா நின்னு அவரையே பார்த்துக்கிட்டிருந்தேன். அவரு எப்பவும் போல நாலு சொட்டு விட்டுக்கிட்டு, கண்ணை இறுக மூடிக்கிட்டு, ‘ஸ்ஸ்... என்னா காரம்டி இந்தப் புதினா’ன்னாரு. அப்பாடா, கண்டுபிடிக்கலைன்னு அடுப்படிக்கு ஓடிட்டேன். அப்புறம் தினமும் அதே மாதிரிதான். முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பாரு.”

நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன் இப்படிப் பார்க்கறீங்க?” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். “தண்ணில... ஏது காரம்?”

கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். “தெரிஞ்சிருக்கு. மொத நாளே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே குடிச்சாரா? எனக்காகவா மூஞ்சியைச் சுளிச்சாரு? பாவி, ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே! ஒரு அறை விட்டிருக்கலாமே!”

குழந்தை மிரண்டு அழ ஆரம்பித்தது. நான் அதை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டேன். பொம்மையைவிடக் கனமாக இருந்தது அந்தப் பிஞ்சு.

அவள் அழுது அடங்கும்வரை மேடம் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு சொன்னார், “இதைக் கேளும்மா. நீ கொட்டினது மருந்தே இல்ல. கிளிசரின். கடைக்காரன் இப்பப் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கான். நீ மாத்தியிருந்தாலும் மாத்தலைன்னாலும் அந்தத் தோள் ஆறியிருக்காது.”

“அப்ப நான்... நான் அவரைக் கொல்லலையா?”

“இல்ல.”

அந்த முகத்தில் இத்தனை நாள் கழித்து ஒரு மூச்சு வந்ததைக் கண்ணால் பார்த்தேன். வந்த வேகத்திலேயே நின்றும் போனது.

“அப்ப மாமா?” என்றாள். “அவருதானே தேடிப்பிடிச்சு வாங்கிட்டு வந்தாரு? ஆபரேஷன் வேண்டாம்டான்னு அவருதானே சொன்னாரு? அது போலின்னு தெரிஞ்சா...” மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர்கிட்டப் போலின்னு சொல்லாதீங்க மேடம். நல்ல மருந்து, இவதான் மாத்தினான்னு சொல்லிடுங்க.”

“சொன்னா உன்னையும் குழந்தையையும் இந்த வீட்ல வெச்சுக்குவாரா?”

“வெச்சுக்க மாட்டாரு” என்றாள். “ஆனா தூங்குவாரு.”

எத்தனையோ கேஸ் பார்த்துவிட்டேன். நான் இல்லை, அவன்தான் என்று கையைக் காட்டுகிறவர்கள்தான் எல்லாரும். என்மேல் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறவளை அன்றுதான் பார்த்தேன்.

வாசலில் செருப்புச் சத்தம். பெரியவர் கையில் மருந்துப் பாட்டிலோடு உள்ளே வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மருமகளின் வீங்கிய கண்களைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார்.

“கண்டுபிடிச்சுட்டீங்களா?”

மேடம் எழுந்தார். வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். பொய் சொல்கிறவர்களைப் பிடித்தே வயதைக் கழித்தவர். அவருக்குப் பொய் சொல்ல வராது. அவர் கைகளை முதல்முறையாக நான் பார்த்தேன். அவை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன.

“கண்டுபிடிச்சுட்டோம் ஐயா” என்றேன் நான்.

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை தடவை என்னைத் திட்டியிருப்பார். கெட்டால் கெடட்டும் என்று ஆரம்பித்தேன்.

“நீங்க வாங்கினப்ப அது தண்ணி இல்ல. கடையில வேற குப்பியைப் பிரிச்சு நானே என் நாக்குல விட்டுப் பார்த்தேன், புதினா சுள்ளுன்னு ஏறுச்சு. உங்க குப்பியில தண்ணியை ரொப்பினது வெளியாள் யாரும் இல்ல. உங்க பையன்தான்.”

“என் பையனா?”

“ஆமா ஐயா. டாக்டர் ஆபரேஷன்னு சொன்ன அன்னிக்கே, எப்படியும் டியூட்டிக்குப் போயிடணும்னு முடிவு பண்ணிட்டாரு. ஸ்டேஷன்ல கேட்டுட்டோம். நீங்க இதை வாங்கிக் குடுக்கலைன்னாலும் அவரு ஆபரேஷனுக்குப் போயிருக்க மாட்டாரு. புதினாக் காரம் தாங்கல, உங்ககிட்டச் சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. அதான் கொட்டிட்டுத் தண்ணியை ஊத்தி வெச்சுக்கிட்டு, உங்க முன்னாடி முகத்தைச் சுளிச்சுக் காட்டியிருக்காரு.”

மருமகள் அசையவில்லை. பெரியவர் சுவரிலிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். நான் மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

அவர் உதடு துடித்தது. பிறகு, நம்பமாட்டீர்கள், சிரித்தார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

“சின்னதுல இருந்தே அப்படித்தான்மா இந்தக் கழுதை! கஷாயம் குடுத்தா ஜன்னல் வழியாக் கொட்டிட்டுத் தண்ணியைக் குடிச்சுட்டு, ஐயோ கசக்குதுப்பான்னு வந்து நிப்பான். அவங்க அம்மாவும் நானும் எத்தனை தடவை ஏமாந்திருக்கோம்! புள்ள பெத்தும் புத்தி மாறலையே அவனுக்கு!” அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். “அதே வேலையைக் காட்டிட்டானே. என்கிட்டயே காட்டிட்டானே.”

மருமகள் ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “மாமா, மாமா” என்று தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். நான் குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் நானும் அழுதிருப்பேன். காரில் ஏறியதும் மேடம், “வண்டியை எடு” என்று மட்டும் சொன்னார்.

* * *

சில நாள் கழித்துப் பெரியவர் ஆபீசுக்கு வந்தார். முகத்தில் கொஞ்சம் தெளிச்சி. கையில் மடித்த பேப்பர். ஜிம் மாஸ்டர் கிளிசரின் கேனோடு தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற படம் அதில் பெரிதாக வந்திருந்தது. எனக்குப் பகீரென்றது. மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் பேப்பரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “தம்பி, அந்தக் குப்பி இங்கதானே இருக்கு? வேலை முடிஞ்சிருந்தா குடுத்துடறீங்களா?” என்றார்.

“எதுக்கு ஐயா?”

“அவன் கையால ஊத்தின தண்ணி இல்லையா? கொஞ்சம் மிச்சம் இருக்கு. வெச்சுக்கறேன்.”

நான் மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். மூடியை இறுக்கினார். கண்டக்டர் பையில் போடாமல் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் பேப்பரை ஞாபகம் வந்தவர் போல நின்று திரும்பினார்.

“இதைப் பார்த்தீங்களா? அந்த மருந்தே போலியாம். என்னத்தைக் கலந்து வித்தானோ படுபாவி.” கையிலிருந்த பேப்பரை நெஞ்சோடு, அந்தக் குப்பியோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். “நல்லவேளை தம்பி, எம் புள்ள அதைக் குடிக்கல.”

“ஆமா ஐயா, நல்லவேளை” என்றேன். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.